சுகர் வலிக்காது, அதுதான் சிக்கல்

பெரியப்பா ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. வீடே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். வயசாச்சுப்பா, மறதி என்றார்.

ஆறு மாதம் கழித்து அதே பாதத்தின் அடியில் ஒரு புண் வந்தது. டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் அமைதி. "சரி, ஆரம்பிங்க சார்" என்றார் பெரியப்பா. டாக்டர் அதற்குள் ஏழு இடத்தில் தொட்டு முடித்திருந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாக சுகர். மாத்திரை போட்டீர்களா, டெஸ்ட் எடுத்தீர்களா என்று யார் கேட்டாலும், "எனக்குத்தான் அது ஒண்ணும் பண்ணலையே" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது புரிந்தால் இந்த நோயில் பாதி புரிந்த மாதிரி.

சர்க்கரை நோய் என்றதும் பேச்சு உடனே இனிப்புக்குப் போய்விடுகிறது. நாம் ரத்தத்திலிருந்து ஆரம்பிப்போம். வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லி ரத்தத்தில், குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். தூங்கினாலும் ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் இந்த ஒரு டீஸ்பூன் கணக்கு ரொம்பப் பிசகாமல் உடல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது மதியச் சாப்பாடு. 300 கிராம் சோற்றில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குடலில் அது குளுக்கோஸாக உடைந்து, சில மணி நேரத்தில் ரத்தத்துக்கு வந்துவிடும். ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்துக்குப் பதினாறு டீஸ்பூன். ஆனாலும் நோய் இல்லாதவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குள்தான் காட்டுகிறது. வந்ததெல்லாம் எங்கே போயிற்று?

பெரும்பகுதி தசைக்கும் கல்லீரலுக்கும், கொஞ்சம் கொழுப்புக்கும். இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் கண்டதும் அதில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினை விடும். தசை செல்லையும் கொழுப்பு செல்லையும் கதவு போட்ட வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் வந்து தட்டினால் கதவு திறக்கும், குளுக்கோஸ் உள்ளே போகும். கல்லீரலுக்கு இன்சுலின் சொல்லும் சேதி வேறு: "போதும், உன் கையிருப்பை இப்போது வெளியே விடாதே."

இந்த இரண்டாவது சேதியைப் பலர் கேள்விப்பட்டதில்லை. "ராத்திரி ரெண்டே இட்லிதான் சாப்பிட்டேன், காலையில 160 காட்டுது, மெஷின் சரியில்லை" என்று குளுக்கோமீட்டரைத் திட்டுபவர்கள் ஏராளம். மெஷின் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நாம் தூங்கும்போது மூளைக்குத் தீனி வேண்டுமே என்று கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக விடும். இன்சுலின் பேச்சு எடுபடாத உடலில் அந்தக் குழாய் இரவு முழுக்கக் கொஞ்சம் அதிகமாகவே திறந்து கிடக்கிறது. பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே இந்தக் குழாயை இறுக்குவதுதான்.

கணையம் இன்சுலினே தராமல் போனால் அது முதல் வகை. சிறுவயதிலேயே வரலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்தது என்று அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் குற்றம் சொல்லும் சொந்தக்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம். இவர்களுக்கு ஊசி மருந்து தவிர வேறு வழியில்லை. 1921இல் கனடாவின் டொரோண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தையைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான் மருத்துவர்களால் முடிந்தது.

நம் வீடுகளில் அதிகம் காண்பது இரண்டாம் வகை. இன்சுலின் இருக்கும், கதவு சரியாகத் திறக்காது. கணையம் இன்னும் பலமாகத் தட்டும், வருடக்கணக்கில் தட்டும், பிறகு களைத்துப் போகும். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி?" என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான். தெற்காசியர்கள் கை கால் மெலிந்து, தொந்தி மட்டும் போட்ட உடலோடு இருப்பது சகஜம். அதனால் எடையைவிட இடுப்பளவு நமக்கு நல்ல துப்பு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரை மூன்றாவது. பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும், ஆனால் அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிரசவத்துக்குப் பிறகும் டெஸ்டை விட்டுவிடக் கூடாது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில். புதுச்சேரியில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல்.

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவோம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி) 6.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை டெஸ்ட் செய்து உறுதிப்படுத்துவார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் விளிம்புநிலை. (சாப்பாட்டுக்குப் பின் எடுப்பதையும் பிபி என்கிறார்கள், ரத்த அழுத்தத்தையும் பிபி என்கிறார்கள். "பிபி 180" என்று போனில் கேட்டுப் பதறியவர்களில் நானும் ஒருவன். எந்த பிபி என்று கேட்டுவிட்டுப் பதறுங்கள்.)

எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. சர்க்கரைக்கு ஒட்டும் குணம் உண்டு. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அந்த நாள் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கிறது. அதில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்கிறது. நூற்றுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். 7 என்றால் சராசரியாக ரத்தத்தில் 154 இருந்திருக்கிறது என்று கணக்கு. டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் கஞ்சி குடித்து டாக்டரை ஏமாற்றும் வித்தை இதனிடம் செல்லாது. ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த எண் தப்பாகக் காட்டலாம், அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஏன் வலிப்பதில்லை?

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், தாகம், எடைக் குறைவு எல்லாம் அதற்குப் பிறகுதான். நீரிழிவு என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். நம் முன்னோர் பார்த்தது நீர் வடிவதை, சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை. 150இலும் 170இலும் வருடக்கணக்கில் இருக்கும் ஆளுக்கு நீரும் இழியாது, எறும்பும் வராது. சேதம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

சேதம் எங்கே நடக்கிறது என்பதற்கு அந்தக் கதவுக் கதைக்கே திரும்ப வேண்டும். தசைக்குக் கதவு உண்டு என்றேன். கண்ணின் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்கும், நரம்புகளுக்கும் அந்தக் கதவு கிடையாது. தெருவில் வெள்ளம் வந்தால் கதவு உள்ள வீடு தப்பிக்கும், கதவில்லாத வீட்டில் தெருவில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவும் உள்ளே. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இந்த மூன்று இடங்களிலும் செல்லுக்குள்ளேயும் ஏறிவிடுகிறது. கண், கிட்னி, நரம்பு என்று டாக்டர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது இதனால்தான்.

நரம்பு என்று நாம் இரண்டைச் சொல்கிறோம், கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக் குழாயையும், உணர்ச்சியைக் கடத்தும் கம்பியையும். இங்கே பேசுவது கம்பியை. உடலிலேயே மிக நீளமானவை இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடுபவை, ஏறக்குறைய ஒரு மீட்டர். நீளமான கம்பிதான் முதலில் பழுதாகும். அதனால் மதமதப்பும் எரிச்சலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் மாட்டிய மாதிரி மெல்ல மேலே ஏறும். சிலருக்கு ராத்திரியில் ஊசி குத்துவது போல இருக்கும். அவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள், டாக்டரிடம் சீக்கிரம் போய்விடுவார்கள். ஒன்றுமே தோன்றாமல் மரத்துப் போகிறவர்கள்தான் ஒற்றைச் செருப்போடு வருகிறார்கள்.

வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் நம் வேலூரிலிருந்து கற்றுக்கொண்டது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூடவே இருந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், சுடுவது தெரியவில்லை. செருப்பில் ஆணி ஏறியிருக்கிறது, நடக்கிறார்கள். காலையில் எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருக்கிறது, இரவில் எலி கடித்திருக்கிறது. சதை அழுகவில்லை, வலி சொல்லித் தராததால் காயம்மேல் காயம் பட்டுத் தேய்கிறது என்று கண்டார். எலிக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். பாதத்துக்கு, அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். பிறகு அமெரிக்காவுக்குப் போன பிராண்ட் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் சொன்னார். இன்று மருந்துக் கடைகளில் எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் செருப்பின் பூர்வீகம் தொழுநோய் மருத்துவம்தான்.

மரத்த பாதத்தோடு இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொள்ளும். வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியே கிருமி நுழையும். காலுக்கு வரும் ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் மருந்தும் அங்கே போய்ச் சேராது, புண் ஆறாது. கால் எடுக்கும் நிலைக்கு வருகிறவர்கள் பலருக்கும் கதை ஒரு சின்னக் கொப்புளத்தில்தான் தொடங்கியிருக்கும். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று, கால் எரிச்சலுக்கு வெந்நீரில் ஊறவைத்தது, கால் ஆணியை வீட்டிலேயே பிளேடால் சீவியது. மூன்றும் சர்வசாதாரணம்.

கண்ணும் இதே மாதிரி ஊமை. விழித்திரையில் குழாய்கள் கசிய ஆரம்பித்த பிறகும் பேப்பர் படிக்கலாம், வண்டி ஓட்டலாம். பார்வையின் நடு மையத்தில் நீர் கோத்தாலோ உள்ளே ரத்தம் கசிந்தாலோதான் தெரியும், அதற்குள் நிறைய நடந்திருக்கும். கண்ணாடிக் கடையில் எழுத்து படிப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரித்தோ, விழித்திரையைப் படம் எடுத்தோ பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்காரர்கள் நோய் தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. கிட்னிக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறோம், அது தாமதமாகத்தான் ஏறும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முன்கூட்டியே சொல்லும்.

இதயத்தில் பெரிய குழாய்கள் அடைபடுகின்றன, மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதயத்தின் நரம்புகளும் மரத்துப் போயிருந்தால் மாரடைப்புகூட வலிக்காமல் வரும். மூச்சு வாங்குகிறது, வேர்க்கிறது, என்னவோ மாதிரி இருக்கிறது என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் வாயுத் தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்.

இந்த நோயில் சத்தம் போட்டுக் கூப்பிடும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், சர்க்கரை இறங்குவது. இன்சுலினோ, கிளிமெபிரைட் போன்ற மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் 70க்குக் கீழே போகும். கை நடுங்கும், வேர்க்கும், பசி, படபடப்பு, காரணமில்லாத கோபம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

மருந்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் பயங்களில் இரண்டு ரொம்பப் பொல்லாதவை. "மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பது ஒன்று. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னி ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதைப் பார்த்துக் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொண்டோம். "இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம்" என்பது மற்றொன்று. கணையம் களைத்துவிட்டால் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். கட்டுப்பாட்டால் என்ன பயன் என்பதற்கு அசைக்க முடியாத சான்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோய் உள்ள 1441 பேரிடம் நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. சர்க்கரையை நெருக்கிக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்திருந்தது.

சாப்பாட்டில் நாம் பண்ணும் தப்பு, பண்டத்தை மாற்றி அளவை விட்டுவிடுவது. ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு ஆறு சப்பாத்தி. கோதுமையும் மாவுச்சத்துதான். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றுக்கும் ரத்தத்தில் ஒரே பெயர். பாகற்காய் பிடித்தால் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாமல். தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பாகம் பருப்போ மீனோ முட்டையோ, மிச்சம் கால் பாகம் சோறு என்று வைத்தால் அரிசியை வெறுக்க வேண்டிய அவசியமே வராது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. உழைக்கும் தசை இன்சுலின் தட்டாமலேயே கதவைத் திறந்துகொள்ளும். மாத்திரை இல்லாமல் கிடைக்கும் சலுகை இது, நாம் அந்த நேரத்தில் சாய்வு நாற்காலியில் கிடக்கிறோம். விளிம்புநிலையில் இருந்த இந்தியர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பைச் சுமார் 28 சதவீதம் குறைத்தன.

பெரியப்பாவின் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. மரத்துப் போனது திரும்பவில்லை. இப்போது பின்பட்டை வைத்த எம்சிஆர் செருப்பு, வீட்டுக்குள்ளேயும் அதுதான். ராத்திரி படுக்கும்முன் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டி அடிப்பாகத்தைப் பார்க்கிறார். காலையில் செருப்பைப் போடும்முன் உள்ளே கைவிட்டுத் துழாவுகிறார். போன மாதம் அப்படித் துழாவியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பெரியம்மா முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த மூக்குத்தித் திருகாணி.